குழாயில் நின்ற பால்

என் கணவர் கிண்ணியாவில் எருமைத் தயிர் விற்கிறார். மிஞ்சும் தயிரைச் சீனி போட்டு அவரே சாப்பிட்டு முடிப்பார். மெலிந்த ஆள்தானே என்று நானும் தடுத்ததில்லை. மேல்வயிற்றில் நோவு வந்தபோது, வாய்வு என்று நினைத்து இஞ்சி அவித்துக் கொடுத்தேன். நோவு கூடியதால் திருகோணமலைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே எடுத்த இரத்தத்தை டொக்டர் குழாயோடு காட்டினார். அடியில் சிவப்பு, மேலே வெள்ளை. கணவர் அதைச் சரித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி கலக்காத பால் மாதிரி இருக்கே" என்றார்.

"ஓம், எல்லாம் கொழுப்பு. அது கூடித்தான் கணையம் வீங்கி நோகுது. இன்னும் பிந்தியிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார் டொக்டர்.

இப்போது மாத்திரை தவறுவதில்லை; மிஞ்சும் தயிர் அயல்வீட்டுக்குப் போகிறது. பரம்பரையாகவும் வரலாம் என்று டொக்டர் சொன்னதால் பிள்ளைகளின் இரத்தத்தையும் சோதித்துவிட்டோம். ஒவ்வொரு சோதனையிலும் கணவர் குழாயைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். மேலே நிற்கும் மஞ்சள் நீருக்குள்ளால் தன் விரல் தெரிந்த பிறகுதான் கதிரையை விட்டு எழும்புகிறார்.