அடிக்காமல் விட்ட வார்த்தை

ஸ்தனிஸ்லாஸ் பெயரில் நினைவு உதவித்தொகை கொடுப்பது என்று சூசையப்பர் சகோதர சபை முடிவெடுத்ததும் அவர் மனைவி ஞானசுந்தரிக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னே? பத்தொன்பது வருஷம் சபைத் தலைவர். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை முடிந்தால் நேரே சபைக் காரியம்தான். ஏற்காட்டில் நாதியில்லாதவர் யார் செத்தாலும் பெட்டி தூக்க முதல் தோள் அவருடையது. கூலிக்காரர் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவரே. எண்பத்தெட்டாம் வருஷத் தவக்காலத்தில் அந்த மனுஷனும் போய்ச் சேர்ந்தார்.

தொகை கேட்டு மனுப் போட்டவர்களில் ஆரோக்கியசெல்வியை மிஞ்ச ஆளில்லை. மஞ்சக்குட்டையில் காப்பி பறிக்கும் சாந்தாமேரியின் மகள். குடகுத் தோட்டத்துக்குப் போன அப்பன் போனவன்தான். சேலத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தொகை வந்தால் படிப்பு, இல்லாவிட்டால் அம்மாவோடு காப்பிக் கூடை.

ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஞாயிறு பூசை முடிந்ததும் மார்க் அட்டையோடு ஸ்தனிஸ்லாஸிடம் ஓடி வந்துவிடுவாள். தப்பான கணக்கைத் திரும்பப் போட வைத்துவிட்டுத்தான் அவர் கையெழுத்துப் போடுவார். "வந்துட்டா உங்க மகராசி" என்று முணுமுணுத்துக்கொண்டே ஞானசுந்தரி பலாக்கொட்டை அவித்துக் கொடுப்பாள்.

மனுவோடு அவள் வைத்திருந்த அந்த அட்டைகளைத்தான் ஒரு மாலை சபைச் செயலாளர் ஏசுராஜ் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

"ஏனுங்க அக்கா, இதப் பாருங்க. 'பெற்றோர் / கார்டியன், பொருந்தாததை அடிக்கவும்'னு போட்டிருக்குது. 'பெற்றோர்'ங்கறத அண்ணன் ஒரு அட்டையிலகூட அடிக்கலீங்க. தலைவர் ஊட்டு ஆளுக்குச் சபைப் பணம் போகக்கூடாதுன்னு சட்டம் போட்டதே அண்ணன்தானுங்க. இந்தப் புள்ளை யாருன்னு கமிட்டியில கேக்கறாங்க."

"கேக்கறவன் வாயில மண்ணு! அந்த மனுசன் நாதியில்லாதவனுக்கெல்லாம் பெட்டி தூக்கறப்ப இவனுங்கெல்லாம் எங்க போயிருந்தானுங்களாம்?"

"நானும் சண்டை போட்டுப் பாத்துட்டனுங்க. எங்களுக்குப் புள்ளை இல்லை, இவ எங்க உறவில்லைன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சுதுங்க."

ஞானசுந்தரி அட்டைகளைப் புரட்டினாள். பேரேட்டில் ஒரு புள்ளி மாறினாலும் திருப்பி அனுப்புகிற மனுஷன் இதை மறந்தா விட்டிருப்பார்? மறக்கவில்லை. அடிக்க மனசு வரவில்லை. அவளிடம்கூடச் சொல்லாமல் பன்னிரண்டு வருஷம் அந்த ஆசையை இந்த அட்டையில் வைத்திருந்திருக்கிறார், பாவி மனுஷன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்லாத வார்த்தை. யாராவது கேட்டால் அவர் முந்திக்கொண்டு "ஏற்காட்டுல பாதி எங்களுதுங்க" என்று சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வேளாங்கண்ணியில் மூன்று தடவை தொட்டில் கட்டியது அவர்களுக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

எழுதினாள். எழுதாவிட்டால் செல்வியின் படிப்பு போய்விடும். எழுதி முடித்து, ஏசுராஜ் இருப்பதையும் பார்க்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் இருந்திருந்தால் எழுத விட்டிருக்க மாட்டார். அவர் இருந்திருந்தால் இந்தத் தொகையே எதற்கு?

தொகை செல்விக்கே கிடைத்தது. சபைக் கூட்டத்தில், மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று வாங்கிக்கொண்டாள். கூட்டம் கலைந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஞானசுந்தரியிடம் வந்தாள். கையில் ஹாஸ்டல் ஃபாரம்.

"கையெழுத்துக் கேக்கறாங்கம்மா. எங்கம்மாவுக்குக் கைநாட்டுத்தானுங்க. நீங்க போடுங்க."

இதிலும் அதே வரி இருந்தது. பெற்றோர் / கார்டியன். எழுதிக் கொடுத்தாயிற்றே, இனி என்ன என்று ஞானசுந்தரி பெற்றோர் என்ற வார்த்தை மேல் பேனாவை வைத்தாள்.

சாந்தாமேரி பேனா பிடித்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்கம்மா. அய்யா ஒருநாளும் அடிக்கறதில்லைன்னு புள்ளை அப்பவே வந்து சொல்லுச்சுங்க. நாந்தான், இருந்துட்டுப் போவுது, கேக்காதடின்னு சொன்னேன். நீங்களும் அப்படியே போடுங்க."

ஞானசுந்தரி அப்படியே கையெழுத்துப் போட்டாள்.