நெரிடா வீட்டுக்கு எதிரே

தனியாக இருக்கிறாயே என்று யாராவது உச்சுக்கொட்டினால் நெரிடா பக்லிக்குச் சுருக்கென்று கோபம் வரும். எதிரில் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்பாள். ஏதோ அது தினமும் கதவைத் தட்டி நலம் விசாரிக்கிற மாதிரி.

கூரிங் ஓடைச் சாலையில் மிச்சமிருந்தவை இரண்டே கட்டடங்கள். ஒன்று அவள் வீடு. இன்னொன்று, மரக்கால்கள் மேல் நிற்கும் தகரக்கூரைப் பள்ளிக்கூடம், முழுக்க மரப்பலகை. நாங்கள் எல்லோரும் அங்கே படித்தவர்கள்தான். பிள்ளைகள் குறைந்ததும் அதை மூடிவிட்டார்கள். பிறகு பால்பண்ணைகள் விலைபோயின, அவள் புருஷன் டக்கும் போய்ச்சேர்ந்தான். காலையில் ஜன்னலைத் திறந்தால் அவள் கண்ணில் படுவது அந்தப் பள்ளிக்கூடம் மட்டும்தான்.

கரையான் கால்களை அரித்து அது ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது ஊர்ச் சங்கம் விழித்துக்கொண்டது. ஊர் கூடி வேலை செய்வதற்கு எங்கள் பக்கம் தேனீ என்று பெயர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேனீ. கொட்டுவது என்னவோ வாய்கள்தான்.

நெரிடாவுக்கு அந்த ஞாயிறுகள்தான் திருவிழா. முந்தின நாளே கேக் செய்து வைப்பாள். உளுத்துப்போன பலகையைக் கழற்றுகிறவனிடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவன் கணக்குப் பரீட்சையில் வாங்கிய முட்டையை நினைவுபடுத்துவாள். எல்லோரும் கிளம்பிய பிறகும் கோப்பைகளைக் கழுவமாட்டாள். கழுவிவிட்டால் ஞாயிறு முடிந்துவிடுமே என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

இரண்டு வருஷத்தில் கட்டடம் நிமிர்ந்துவிட்டது. அங்கேதான் வினை. முன்பு தூக்கினால் பொலபொலவென்று உதிர்ந்திருக்கும்; இப்போது லாரியில் ஏற்றும் அளவுக்குக் கெட்டியாகிவிட்டது. நகரத்துக் கண்காட்சி மைதானத்தில் கொண்டுபோய் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று சங்கத் தலைவர் கிளைவுக்கு யோசனை வந்தது.

அதை முடிவுசெய்யச் சங்கம் கூடியது. எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம். கடைசி விஷயத்துக்கு வந்ததும் ஒருவர் எழுந்துபோய் டீ பாய்லரைப் போடவேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நெரிடா. இந்தக் கட்டடம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லத்தான் அன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தாள். கடைசி விஷயம் என்றார்கள். பழக்க தோஷம், எழுந்து போய்விட்டாள். தட்டோடு திரும்பியபோது எல்லோரும் கைதூக்கி முடித்திருந்தார்கள். ஆட்சேபம் யாருக்கும் இல்லை என்று எழுதியாயிற்று. அவள் அங்கே இல்லை என்பதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. என் மாடு கன்று போட்டதால் அன்று நான் போகவில்லை. போயிருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிழித்திருக்கமாட்டேன்.

அவள் எல்லோருக்கும் டீ ஊற்றினாளாம்.

கட்டடத்தை இரண்டாக அறுத்து ஏற்றிய நாளில் ஊரே வந்திருந்தது. லாரிகள் ஓடை வளைவில் திரும்பி மறைந்ததும் ஆட்களும் கார்களைக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நெரிடா வீட்டு வாசலில் அவளோடு நானும் கிளைவும் மட்டும் நின்றோம். எதிரே வெறும் புல்தரை. அதற்கப்பால், இத்தனை காலம் மறைந்திருந்த மலை.

கிளைவ் கெட்டவன் இல்லை. அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தான்.

"இனிமே உனக்கு மலை நல்லாத் தெரியும், நெரிடா."

அவள் மலையைப் பார்த்தாள்.

"தெரியும், கிளைவ். ஆனா ஞாயித்துக்கிழமை அதை ரிப்பேர் பண்ண யாரு வருவா?"

அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். மைதானத்தில் லாரி காத்திருக்கும் என்றான். நாங்கள் இருவரும் கிளம்பினோம்.