பின்னால் இழுக்க முடியாத ஊசி

திருத்தங்கலுக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோதுதான் அந்தப் புது ஊசி வந்தது. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். அதுவரை கண்ணாடிக் குழாய் ஊசிகளை வேகவைத்துத்தான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுவந்தோம். புதன்கிழமை என்றால் காலையிலேயே மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, குக்கர் மாதிரியான பாத்திரத்தில் ஊசிகளை அடுக்கி ஆவிக்குக் காத்திருப்பேன்.

புது ஊசி பிளாஸ்டிக். மருந்தை ஒருமுறை இழுத்து ஒருமுறை செலுத்திவிட்டால் உள்ளே ஏதோ பூட்டிக்கொள்ளும். அப்புறம் தண்டைப் பின்னால் இழுக்க முடியாது. முரட்டுத்தனமாக இழுத்தால் ஒடிந்துபோகும். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கண்டுபிடித்தது என்று விருதுநகரில் நடந்த பயிற்சியில் சொன்னார்கள். ஒரே ஊசியைப் பலருக்குப் போடாதே என்று ஆட்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் உலகத்தில் யாரும் கேட்கவில்லையாம். அதனால் ஊசியே மறுத்துவிடும்படி அவர் செய்துவிட்டாராம். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் பழைய பழக்கத்தில் முதலில் காற்றை இழுத்துப் பார்த்து, பயிற்சியிலேயே இரண்டு ஊசிகளைப் பாழாக்கினேன். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் பாழாக்கினார்கள்.

என் பகுதியில் பட்டாசுத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே சரவெடி பின்னும் வேலைக்குப் போகிற ஒரு பெண் தன் பிள்ளைக்கு ஊசி போடவே விடமாட்டாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் இடது காலை இழுத்து நடப்பான். மூன்று வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது, ஊசி போடுகிற ஒரு கடைக்காரரிடம் கொண்டுபோயிருக்கிறாள். தனக்கு முன்னால் வந்த ஒரு கிழவருக்குப் போட்ட ஊசியைப் பஞ்சில் துடைத்துவிட்டுத் தன் பிள்ளைக்குக் குத்தினான் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். குத்திய இடம் கட்டியாகி, சீழ் இடுப்பு மூட்டுவரை இறங்கி, இரண்டு தடவை அறுத்தும் கால் சரியாகவில்லை. அதற்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளையை அவள் யாரிடமும் நீட்டுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்போது மணல்வாரி என்கிற தட்டம்மைக்கான ஊசி போடவேண்டிய ஒன்பது மாதம் முடிந்திருந்தது.

ஒரு நாள் சாயங்காலம், கம்பெனி வேன் ஆட்களை இறக்கிவிடுகிற நேரம் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். பையிலிருந்து புது ஊசி ஒன்றைப் பிரித்து, டம்ளரில் தண்ணீர் கேட்டு, இரண்டையும் அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் விரல் இடுக்குகளில் பட்டாசு மருந்துத்தூள் வெள்ளியாய் ஒட்டியிருந்தது. அவள் தண்ணீரை இழுத்தாள், சுவரில் பீய்ச்சினாள், மறுபடி இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவள் பல்லைக் கடித்து இழுக்க, தண்டு ஒடிந்தது.

"யாரு போட்டாலும் இப்படித்தான் பூட்டிக்கிருமா நர்சம்மா? அந்தக் கடைக்காரன் போட்டாலுமா?"

"ஆமா தாயி. அது ஆளைப் பாக்காது."

ஒடிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு புதன்கிழமை பிள்ளையைக் கொண்டுவருவதாகச் சொன்னாள். வீடு திரும்பும்போது எனக்கு மனம் நிறைந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் வேனில் எல்லோரிடமும் இந்த ஊசியைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. புதன்கிழமை நான் போய்ச் சேரும்போதே நிலையத்தின் வாசல் நிறைந்திருந்தது. என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிற வீடுகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்திருந்தன. "பூட்டு ஊசி போடுறாகளாம்ல" என்று ஒருத்தி கேட்டாள். வழக்கமாக வரும் கூட்டத்தைக் கணக்குப் பண்ணித்தான் எனக்கு ஊசிகள் அனுப்பியிருந்தார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? இத்தனை வருடம் கூப்பிட்டும் வராதவர்கள். ஒவ்வொரு பிள்ளையாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். மதியத்துக்கு முன்பே ஊசிகள் தீர்ந்துவிட்டன.

அவள் அதற்குப் பிறகுதான் வந்தாள். போர்மேனிடம் கெஞ்சி, சாப்பாட்டு நேரத்தில் கிளம்பி, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே வந்திருந்தாள். மூத்தவனும் பின்னாலேயே வந்தான். ஊசி தீர்ந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். மருந்து பாதிக் குப்பி மிச்சம் இருந்தது. கலக்கி நான்கு மணி நேரத்துக்குள் போடாவிட்டால் கீழே கொட்டவேண்டிய மருந்து.

அன்று சுகாதார ஆய்வாளரும் வந்திருந்தார். நல்ல மனிதர். அலமாரியில்தான் கண்ணாடி ஊசி இருக்கிறதே, அரைமணி நேரம் வேகவைத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். ஊசியைக் கையில் எடுத்தபோது அவள் கேட்டாள்.

"இது பூட்டுமா?"

"பூட்டாது. ஆனா நல்லா வேகவச்சுத்தான் போடுவேன். எத்தனை வருசமா இதுலதான் போட்டேன், ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

அவள் மகனின் காலைப் பார்த்தாள்.

"வேண்டாம் நர்சம்மா. அடுத்த புதன் வாறேன். எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருங்க."

ஆய்வாளர் இரண்டு மூன்று விதமாக எடுத்துச் சொன்னார். நானும் சொன்னேன். ஆனால் ஒரு வாரம் முன்பு அவள் வீட்டில் உட்கார்ந்து புது ஊசியைப் புகழ்ந்தவள் நான்தானே. இன்று அதே வாயால் பழையதும் நல்லதுதான் என்கிறபோது அவள் எப்படி நம்புவாள்? அவள் போனபின் மிச்ச மருந்தைக் கொட்டினேன்.

மறுபுதனுக்கு அவளுக்கென்று ஒரு ஊசியைத் தனியே எடுத்துவைத்தேன். அவள் வரவில்லை. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஆர்டர் முடிகிறவரை யாருக்கும் லீவு கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பிள்ளையைக் கொடுத்துவிடச் சொல்லி ஆளனுப்பினேன். தான் பக்கத்தில் இல்லாமல் ஊசி போட அவளுக்கு மனமில்லை. அவள் வீடு திரும்பும் நேரத்துக்கு மருந்தைக் கொண்டுபோகலாம் என்றால், ஐஸ் பெட்டியைச் சாயங்காலத்துக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும். அதற்கடுத்த புதனும் இப்படியே போயிற்று.

அப்புறம் அந்தக் குடியிருப்பில் மணல்வாரி வந்தது. அன்று முண்டியடித்து ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தன. இவள் பிள்ளைக்கு உடம்பெல்லாம் பூத்து, கண் சிவந்து, காய்ச்சல் அனலாய் அடித்தது. அம்மை என்றதும் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தபோது பிள்ளை மூச்சு விடும்போதெல்லாம் விலா உள்வாங்கியது. அவளிடம் அனுமதி கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து சிவகாசி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அங்கே போட்ட ஊசிகளையெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது. வீடு வந்தபின் இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. சொட்டு மருந்து கொடுத்தோம், நின்றுவிட்டது.

தீபாவளி கழிந்து சில நாளில் அவள் நிலையத்துக்கு வந்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். நன்றாகத்தான் தேறியிருந்தது, என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"வாசல்ல சரம் வெடிக்கிறாக, எல்லாப் பிள்ளையும் வீல்னு கத்துது. இது அசையாமத் தூங்குது. பயமில்லாத பிள்ளைன்னு நெனச்சேன். முந்தாநாளு இதுக்குப் பின்னால தட்டைக் கீழ போட்டுப் பாத்தேன். திரும்பல."

நானும் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன். கிண்ணத்தைத் தட்டினேன். பிள்ளை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு அந்தக் கண்ணாடி ஊசியப் போட்டிருந்தா இது வந்திருக்காதுல்ல?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்திருக்காது தாயி."

அவள் அழவில்லை, என்னைக் குறையும் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு, அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று மட்டும் கேட்டாள். அந்த மாதமே மேலிடத்துக்கு எழுதியும் நேரில் போய்ச் சொல்லியும், வேலைக்குப் போகிற தாய்மாருக்காக எங்கள் பகுதிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முகாம் வாங்கினேன். ஊசிகளும் கூடுதலாக வந்தன. பிறகு எந்தப் பிள்ளையும் ஊசி இல்லாமல் திரும்பவில்லை. அதை நினைத்து என்னால் பெருமைப்பட முடிந்ததில்லை.

விருதுநகரிலும் மதுரையிலும் பார்த்துவிட்டு, காது கேட்பது இனித் திரும்பாது, கருவி வைத்தால் கொஞ்சம் கேட்கலாம் என்றார்கள். எனக்கு மல்லாங்கிணறு பக்கம் மாறுதல் வந்துவிட்டது. இரண்டு மூன்று வருடம் கழித்து விருதுநகர் பஸ் நிலையத்தில் அவளையும் பிள்ளையையும் பார்த்தேன். பட்டாசு வேலையை விட்டுவிட்டு காலண்டர் பைண்டிங் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். பிள்ளையைக் காது கேளாதோர் பள்ளியில் விட்டுக் கூப்பிட்டு வர அதுதான் தோது என்றாள். சிறுமிக்குக் காதில் கருவி இருந்தது. அம்மாவின் முந்தானையை இழுத்து என்னைக் காட்டி, யார் இது என்று கையால் கேட்டாள். அம்மா ஆள்காட்டி விரலைத் தன் மேற்கையில் குத்திக் காட்டி, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சிறுமி சட்டென்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.