பல் டாக்டர் டைமிங் வைக்கிறார்

“இன்னும் ஒரு முடி தள்ளு. போதும், போதும்... ப்ச், தாண்டிப் போயிடுச்சு. மறுபடியும் முதல்லேருந்து.”

பல் டாக்டர் பழைய மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறார். டாப் கியரில் நிற்கும் வண்டியின் பின்சக்கரத்தை அவர் மனைவி மெல்ல உருட்டுகிறார். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் குட்டி உலோக முனைகளான பாயிண்ட் இரண்டும் பிரிய வேண்டும். அப்போதுதான் பொறி சரியான நேரத்தில் விழும். அந்த நொடியைப் பிடிக்கத்தான் மனிதர் ஞாயிறுதோறும் இப்படித் தரையோடு மல்லுக்கட்டுகிறார்.

மெக்கானிக்குகள் பாயிண்டுகளின் இடுக்கில் சிகரெட் பெட்டித் தாளை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். தாள் நழுவினால் பாயிண்ட் பிரிந்துவிட்டதென்று பொருள். நம்மவரோ சிகரெட் என்று காதில் விழுந்தாலே ஈறு கெடுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர். அதனால் கிளினிக்கிலிருந்தே ஒரு தாளைக் கொண்டுவந்துவிட்டார். பல்லை அடைத்த பிறகு எங்கே இடிக்கிறதென்று பார்க்கக் கடிக்கச் சொல்வாரே, அந்த நீலத்தாள். வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியும் கூடவே வரும். பழக்க தோஷத்தில் ஒருமுறை இன்ஜினிடமே, “வலிச்சா கையைத் தூக்குங்க,” என்று சொல்லியிருக்கிறார்.

வண்டி மாமனாருடையது. அவர் போன பிறகு, மகள் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டது இது ஒன்றைத்தான். கொண்டுவந்த நாளிலிருந்து அது உறுமியதே இல்லை. பொறுத்துப் பார்த்த மனைவியின் அண்ணன், “இந்த ஞாயித்துக்கிழமையும் ஓடலன்னா வேன்ல ஏத்திட்டுப் போய் வித்துடுவேன்,” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனைவி முகத்தில் ஈயாடவில்லை.

“போன வாரமும் டைமிங் கச்சிதமா இருக்குன்னுதானே சொன்னீங்க? அப்புறம் ஏங்க ஸ்டார்ட் ஆகல?”

“இது நுணுக்கமான வேலை. உனக்குப் புரியாது.”

தாள் நழுவுகிறது. டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்க்கிறார். பிறகு இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கிறார். பாயிண்ட் இரண்டிலும் நீல மெழுகு மை, கடைவாய்ப் பல்லில் படிவதைப் போல அப்பிக் கிடக்கிறது. அப்புறம் பொறி எங்கிருந்து வரும்? வாரா வாரம் நேரம் பார்த்து வைத்தவரும் இவர்தான், மையைப் பூசி மின்சாரத்தின் வழியை அடைத்தவரும் இவரேதான்.

மனைவியும் எட்டிப் பார்த்துவிட்டார். பெட்ரோலில் நனைத்த துணியை நீட்டுகிறார். டாக்டர் துடைக்கிறார். கழற்றி வைத்திருந்த பிளக்கை மாட்டி உதைக்கிறார். இரண்டாவது உதையில் வண்டி உயிர் பிடித்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி தடதடக்கிறது. மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

வேனிலிருந்து இறங்கிய அண்ணன் வாயைப் பிளந்தபடி வருகிறார். “ஓடுதே மாப்ளே. இத்தனை நாளா என்னதான் கோளாறு?”

டாக்டர் தொண்டையைச் செருமுகிறார். மனைவி முந்திக்கொள்கிறார்.

“டைமிங்தான்ணே. நுணுக்கமான வேலை, உனக்குப் புரியாது.”

சொல்லிக்கொண்டே கணவரின் நீலம் பாய்ந்த விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொள்கிறார். அண்ணன் கூச்சப்பட்டு, வேன் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார்.