இல்லாதவர் தூக்கிய கை

சங்கக் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டபோது ஒரு பெண் குரல் "இருக்கேன்" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. கூப்பிட்டது செத்துப்போன ஓர் ஆணின் பெயரை. பதில் சொன்னது அவர் மனைவி, எனக்குப் பக்கத்துக் கடை அக்கா. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அக்காவே அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடைகள். அக்கா கடையில் ரவிக்கை லைனிங்கும் புடவை ஃபால்ஸும், எங்கள் கடையில் கட்பீஸ். கடை என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அவர் ஆட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார், உட்கார்ந்து விற்பது நான். நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். படிப்பு வராத இடத்தையெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். ஷட்டரைப் பூட்டி பஸ் ஏறின பிறகு, பூட்டினோமா என்று இறங்கித் திரும்பி நடந்த நாட்கள் உண்டு. "திருடன் வந்தாக்கூட உன் மூஞ்சியப் பார்த்துப் பாவப்பட்டுப் போயிடுவான்டி" என்பார் அக்கா.

அவர் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. கடை திறப்பது, சிக்பேட்டையில் சரக்கு எடுப்பது, இரண்டு பெண்களைப் படிக்கவைப்பது எல்லாம் அக்காதான். வியாபாரிகள் சங்கத்தில் மட்டும் அந்த மனிதர் சாகவில்லை. கூட்டம் நடந்தால் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள். அதே சந்தில் கடை வைத்திருந்த அவர் தம்பி, தன் பெயருக்கு ஒருமுறையும் அண்ணன் பெயருக்கு ஒருமுறையும் "இருக்கேன்" என்பார். கடைக்கு ஒரு ஓட்டு, அதைப் போடுவது ஆம்பளை. யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. அக்கா மட்டும் ஃபால்ஸ் மடித்துக்கொண்டே சொல்வார், எம்எல்ஏவுக்கு ஓட்டுப் போடுகிறேன், எம்பிக்குப் போடுகிறேன், இந்தச் சந்துக்குப் போட முடியவில்லையே என்று.

பிறகு அந்தச் சந்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. புதுக் கட்டடத்தில் யார் யாருக்குக் கடை என்று சங்கம்தான் சொல்லவேண்டும், சங்கத்தில் ஓட்டு இருப்பவருக்குத்தான் கடை. கொழுந்தனார் தன் கடையோடு அண்ணன் கடையையும் சேர்த்துப் பெரிதாக எடுக்கப்போவதாக டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணியை வேலைக்கு வைத்துக்கொள்வாராம். அதைக் கேட்ட நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவுக்கு நடப்பது நாளைக்கு எனக்கும் நடக்கும் என்ற பயத்தில், என் வீட்டுக்காரர் ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கூட்டத்துக்கு அக்கா என்னைத் துணைக்கு அழைத்தார். நீ பேசவேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும் என்றார். என் வீட்டுக்காரர் உள்ளே நாற்காலியில் இருந்தார். நாங்கள் இருவரும் சுவரோரம். செகரெட்டரி அந்தப் பெயரைக் கூப்பிட்டார், கொழுந்தனார் வாயைத் திறப்பதற்குள் அக்கா குரல் கொடுத்துவிட்டார். பின்வரிசையில் யாரோ, "ஆவி வந்திருக்கு, நாற்காலி போடுங்கப்பா" என்றார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. கொழுந்தனார் மட்டும் சிரிக்காமல் எழுந்தார்.

"அண்ணி, இதெல்லாம் வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல பேசிப் பேசித்தான் இத்தனை வருஷம் போச்சு" என்றார் அக்கா.

தலைவர் நல்ல மனிதர், யாரையும் பகைக்கமாட்டார். புருஷன் இல்லாத பெண்கள் அவர் இடத்தில் ஓட்டுப் போடலாமா கூடாதா என்று ஓட்டுக்கே விட்டுவிடலாம் என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெண்ணுக்கு ஓட்டு உண்டா என்பதைத் தீர்மானிக்க அந்த அறையில் ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்தது என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

போடலாம் என்பவர்கள் கை தூக்கினார்கள். நான் நினைத்ததைவிட அதிகம் கைகள். என் வீட்டுக்காரர் கை தோள் அளவுக்கு வந்து நின்றது, என் பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு மேலே போனது. அடுத்து, கூடாது என்பவர்கள். கொழுந்தனார் கை தூக்கினார். ஒன்றல்ல, இரண்டு கைகளையும். போலீஸ் துப்பாக்கி நீட்டின மாதிரி இரண்டையும் தலைக்குமேல் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் அண்ணனுடையது. செகரெட்டரி இரண்டையும் எண்ணினார்.

அக்கா தோற்றார். செகரெட்டரி "ஆயித்து, ஆயித்து" என்று கன்னடத்தில் முடிக்கப் பார்த்தார். அக்கா நகரவில்லை.

"தோத்ததை எழுதிக்குங்க. ஆனா அந்தக் கை அவரோடது இல்ல. அவர் எனக்கு எதிரா கை தூக்குற மனுஷன் இல்ல. அதையும் எழுதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. எழுதினார்களா என்று தெரியாது. மறுவாரமே அக்கா கோர்ட்டில் இலவச வக்கீல் கிடைக்கும் இடத்துக்குப் போனார். புருஷன் கடை பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும்தான், தம்பிக்கு இல்லை என்பது அங்கே அரைமணி நேரத்தில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தது. அதை எழுத்தில் வாங்கத்தான் வருஷங்கள் பிடித்தன. வாங்கினார். புதுக் கட்டடத்தில் அவர் பெயரிலேயே கடை வந்தது, அப்புறம் சங்கமும் விதியை மாற்றிக்கொண்டது. அக்கா இப்போது மகளோடு வைட்ஃபீல்டில் இருக்கிறார். மெட்ரோ ஏறி எப்போதாவது வருவார்.

எங்கள் கடை போன வருஷம் என் பெயருக்கு மாறியது. வீட்டுக்காரர் தானாகவே மாற்றிக்கொடுத்தார், நன்றாகத்தான் இருக்கிறார். ஆனாலும் கூட்டம் என்றால் நான் கதவு திறக்கும் முன்னாலேயே போய் நின்றுவிடுகிறேன். எனக்குப் பேச ஒன்றும் இருக்காது. கொஞ்சம் தாமதமானால், உயிரோடு இருக்கும்போதே என் பெயருக்கு வேறு யாராவது கை தூக்கிவிடுவார்களோ என்றுதான்.