சாப்பாட்டு மேசையில் ஒரு போர்டு

அமெரிக்காவில் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த வருடம், என் வீட்டுக்காரருக்குப் புனே ஹிஞ்சவாடியில் பார்த்த சாஃப்ட்வேர் வேலை போனது. அடுத்த மாதமே ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு வந்தார். கல்லூரியில் முதன்முதலாகத் தொட்டது இதே மாடலாம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் வரும் காலத்தது. அதுவும் வரவில்லை. உள்ளிருந்த பேட்டரி ஒழுகி, சர்க்யூட் போர்டில் பாதி பச்சை பூத்துக் கிடந்தது.

வாகட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இருந்தது ஒரே மேசை. அதைப் போர்டு பிடித்துக்கொண்டது. நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாகண் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் குலுங்கி வீடு வந்தால், சால்டரிங் புகை சாமியில்லாத சாம்பிராணி மாதிரி கூடமெல்லாம் நிற்கும். அரித்துப்போன செம்புக் கோடுகளுக்குப் பதிலாக மெல்லிய கம்பியை வைத்து ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார். ஒன்றை ஒட்டினால் பக்கத்தில் இன்னொன்று பிய்ந்து வரும்.

அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. குத்துவிளக்கில் ஏறுகிற களிம்புதானே என்று, அவர் குளிக்கப் போன நேரம் புளியைக் கரைத்துத் தேய்த்துவிட்டேன். களிம்பு போனது. கூடவே அவர் ஒட்டியிருந்த கம்பிகளும் போயின. திட்டியிருந்தால் தேவலை. மனிதர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாகவே முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகுர்டியில் ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பர் போன் செய்தால், இது முடியட்டும் என்பார். கோயம்புத்தூரிலிருந்து அப்பா கேட்கும்போதெல்லாம் நான்தான் பொய் சொல்லிச் சமாளித்தேன். இந்த ஓட்டை உடைசல் சரியானால்தான் வேலை தேடுவீர்களா என்று ஒருநாள் கத்தியே விட்டேன். ஆமாம் என்றார்.

ஒரு மழைநாளில் தொழிற்சாலையில் கரண்ட் போய், மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். சாவி போட்டுக் கதவைப் பாதி திறந்தேன். அவருடைய முதுகுக்கு அப்பால் திரை எரிந்துகொண்டிருந்தது. ஏதோ புரோகிராம், பச்சை எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடியது. ஒரே நாளில் அடித்து முடிக்கிற நீளமில்லை. போர்டு எப்போதோ சரியாகியிருக்கிறது.

இத்தனை நாள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேனே என்று ஆத்திரம். அப்புறம்தான் உறைத்தது: இந்த மனிதர் பயந்துபோயிருக்கிறார். இது முடிந்துவிட்டால், நாளைக்கே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு யார் முன்னாலோ போய் உட்கார வேண்டும். எனக்கு அழுகை வந்தது.

சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு மணியை அடித்தேன்.

திறக்கக் கொஞ்சம் நேரமானது. திரை இருண்டிருந்தது. கையில் சால்டரிங் அயர்ன். அதன் பிளக் தரையில் கிடந்தது.

"இன்னும் ஒரு கோடு பாக்கி இருக்குது," என்றார்.

"பொறுமையா பாருங்க," என்றேன்.