முத்திரை இல்லாத எல்லை

காலை ஏழு இருபது. இல்ஃபோர்ட் வீட்டுக் குசினிக்குள் நுழைந்ததும் முதலில் கண்டது, தேநீர்த் தட்டின் விளிம்பை வைத்துப் பென்சிலால் வளைந்த சுவரொன்றை வரைந்துகொண்டிருந்த அப்பாவை. அழிறப்பர்த் துகள்கள் மேசை ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. எனக்குப் பத்து வயது. லண்டனுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

அவர் வரைந்தது கரிபா அணை. சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் நடுவே நிற்கும் அதன் மின்சாரத்தை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. எல்லைக்கோடு சுவரின் நடுவால் போகிறது. நான் பிறக்குமுன், யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே சாம்பியாப் பக்கத்தில் ஒன்பது வருடம் "இஞ்சினியராக" இருந்த அப்பா, அளவுமானிகளைப் பார்ப்பதற்காக ஒவ்வொரு வேலைநாளும் அந்தக் கோட்டைத் தாண்டி அக்கரைக்குப் போய்வந்தவர். வேலை அட்டை போதும்; கடவுச்சீட்டில் யாரும் முத்திரை குத்தியதில்லை.

எங்கள் அகதி விண்ணப்பத்தில், இதுவரை போன நாடுகள் எவை, எந்தத் தேதிகளில் என்று ஒரு கேள்வி இருந்தது. அப்பா சிம்பாப்வே என்று எழுதி, தேதிக்கு நேரே "ஒவ்வொரு வேலைநாளும்" என்று எழுதியிருந்தார். படம் அதற்கான விளக்கம்.

தெருவில் எல்லோருக்கும் "போம்" நிரப்பிக் கொடுக்கும் குலம் மாமா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அண்ணை, அவங்கள் அணை கட்டித் தரச்சொல்லிக் கேக்கேல்லை. உந்த வரியை வெட்டுங்கோ."

"போனனான்தானே. எப்பிடி வெட்டுறது?"

"இஞ்சருங்கோ, உது ஒரு பயணமே?" என்றார் அம்மா. "உந்த ஒரு வரியால நாங்கள் நடுறோட்டில நிக்கப்போறம்."

அப்பா வெட்டவில்லை.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் நேர்காணல் முடிந்து வெளியே வந்தவர், "முத்திரை எங்கை எண்டு கேட்டவை. அணையில முத்திரை குத்துறேல்லை எண்டனான்" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அவருடைய பயண விவரங்களை நம்ப இயலவில்லை என்றிருந்தது. மேல்முறையீடு ஏழாண்டு இழுத்தது. அதுவரை வேலை செய்ய அனுமதியில்லை. ஆனாலும் தினமும் காலையில் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிப் போட்டு, பையில் பேனா குத்தி, என்னைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத் திரும்புவார். அந்த வரியைப் பற்றி அம்மா பிறகு ஒருநாளும் பேசவில்லை. குலம் மாமாவும் பேசவில்லை.

இப்போது விண்ணப்பங்கள் கணினியில். தேதி இடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. படம் வரைய இடமில்லை.

தங்கவும் வேலை செய்யவும் அனுமதிக் கடிதம் வந்தபோது அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது.